பழைய மரப்பெட்டகத்தை நீர்வண்ண ஓவியமாக வரையவைப்பது, பார்ப்பது, பாதுகாப்பது: முதன்முறை வாங்குவோருக்கு

பல்லடம் பக்கத்தில் எங்கள் அம்முச்சியின் (அம்மாவின் அம்மா) தொட்டிக்கட்டு வீட்டு ஆசாரத்தில், அதாவது கூடத்தில், ஓர் ஈட்டி மரப் பெட்டகம் இருந்தது. நான்கு கடைசல் கால்கள், பித்தளைப் பூட்டு, இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் திறக்கும் மூடி. பாகம் பிரித்தபோது அது பெரிய மாமா பங்குக்குப் போனது. அம்மாவும் சித்தியும் எதுவும் பேசவில்லை. ஆனால் வண்டியில் ஏற்றிய அன்று இருவரும் சாப்பிடவில்லை. அதன் பிறகுதான் அதை நீர்வண்ணத்தில் வரையவைக்கலாம் என்று கிளம்பினேன்.

முதலில் வரையவைத்த ஓவியம் இரண்டே ஆண்டில் வெளுத்துப் பழுத்துப்போனது. 3,500 ரூபாய் போனதைவிட, அம்மா அதைச் சுவரிலிருந்து தானே கழற்றி வைத்ததுதான் எனக்கு வலித்தது. இரண்டாவது ஓவியத்துக்கு ஒவ்வொரு படியிலும் கேட்டு, விசாரித்து, நேரில் பார்த்துச் செய்தேன். உங்கள் வீட்டிலும் ஒரு பத்தாயமோ, ஊஞ்சலோ, கணக்குப்பெட்டியோ, சாய்வு நாற்காலியோ கைமாறப் போகிறது என்றால் கீழே உள்ளதை வரிசை மாறாமல் செய்யுங்கள்.

1. ஓவியரைத் தேடும் முன் பொருளோடு ஒரு காலைப் பொழுது இருங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள்தான் பின்னால் ஏமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன். பொருளை நீங்களே சரியாகப் பார்த்திராவிட்டால், ஓவியத்தில் எது தவறு என்று உங்களுக்குத் தெரியாது. "ஏதோ சரியில்லை" என்று மட்டும் தோன்றும். அதை ஓவியரிடம் சொல்லவும் முடியாது.

ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். நீளம், அகலம், உயரம், காலின் உயரம், மூடியின் கனம் எல்லாவற்றையும் அங்குலக் கணக்கில் குறியுங்கள். பிறகு கையால் தடவிப் பாருங்கள். எந்த மூலை மழுங்கியிருக்கிறது, எந்த இடத்தில் கை பட்டுப் பட்டு எண்ணெய் ஏறி மின்னுகிறது, எந்தப் பித்தளைக் குமிழ் பின்னாளில் மாற்றியது என்று எழுதுங்கள். முடிந்தால் வயதான ஆசாரி ஒருவரை அரை மணி நேரத்துக்கு அழைத்து வாருங்கள். எங்கள் பெட்டகம் முழுக்க ஈட்டி என்றுதான் குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது. பின்பலகை மட்டும் தேக்கு, அதுவும் பின்னால் மாற்றியது என்று ஆசாரி விரலால் தட்டியே சொன்னார். ஈட்டி கருஞ்சிவப்பில் கறுப்புக் கோடு ஓடும் மரம். தேக்கு பொன் பழுப்பு. பழைய எண்ணெயும் தூசும் ஏறியதில் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்திருக்கிறது. மரங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்படுபவர்கள் கோவை வனக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் கேஸ் வன அருங்காட்சியகத்துக்குப் போகலாம். போகும் முன் திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

புகைப்படமும் எடுத்து வையுங்கள், ஆனால் ஒரு எச்சரிக்கை. செல்போனைப் பெட்டிக்கு மூன்றடி தள்ளிப் பிடித்து எடுத்தால் முன்மூலை வீங்கியும் பின்பக்கம் சூம்பியும் விழும். பத்துப் பன்னிரண்டு அடி பின்னால் நகர்ந்து, லென்ஸை இரண்டு மடங்கு நெருக்கி எடுங்கள். என் முதல் ஓவியம் இப்படி வீங்கிய புகைப்படத்தைப் பார்த்து வரைந்ததுதான். பெட்டகம் முன்னால் சரிந்து விழப்போவதுபோல் இருந்தது.

2. ஓவியரின் அசல் ஓவியத்தை நேரில் பார்க்காமல் பேச வேண்டாம்

செல்போன் திரையில் எல்லா நீர்வண்ணமும் அழகாகத்தான் இருக்கும். திரையின் வெளிச்சம் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. கண்காட்சிகளுக்குப் போங்கள். கோவை அவினாசி சாலையில் கஸ்தூரி சீனிவாசன் கலைக்கூடம் இருக்கிறது. கோவை விழாவின்போது ரேஸ்கோர்ஸ் பகுதியில் நடக்கும் கலைத் தெருவில் ஓவியர்களிடம் நேராகவே பேசலாம். அங்கே ஒருவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: "மரம், பித்தளை, நிழல் மூன்றும் இருக்கிற ஓவியம் ஏதாவது உங்களிடம் இருக்கிறதா?" இயற்கைக் காட்சியில் கைதேர்ந்தவர்கள் பலர். மேகமும் மலையும் கொஞ்சம் நகர்ந்தாலும் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெட்டகத்தின் கால், கால் அங்குலம் நகர்ந்தால் வீட்டில் எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

வீட்டுக்கு வந்து பொருளை நேரில் பார்க்கச் சம்மதிக்கும் ஓவியரையே தேர்ந்தெடுங்கள். என் இரண்டாவது ஓவியர் மாமா வீட்டுக்கு இரண்டு முறை வந்தார். போக்குவரத்துக்கு 1,400 ரூபாய் தனியாகக் கொடுத்தேன். இந்த மொத்தக் கணக்கில் நான் சந்தோஷமாகக் கொடுத்த பணம் அதுதான்.

3. முன்பணம் கொடுப்பதற்கு முன் தாளையும் வண்ணத்தையும் பேசி முடியுங்கள்

தாள்: நூறு சதவீதப் பருத்தி, அமிலமற்றது, 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). இந்த மூன்றையும் வாயால் கேளுங்கள், பிறகு தாளையே காட்டச் சொல்லுங்கள். மரக்கூழ்த் தாள் விலை குறைவுதான். ஆனால் சில ஆண்டுகளில் பழைய செய்தித்தாள் மாதிரி மஞ்சளாகும். ஈரம் பட்டால் அலை அலையாக நெளியும். ஆர்ச்சஸ், ஃபாப்ரியானோ போன்ற நிறுவனங்களின் தாள் என்றால் முழுத்தாளின் ஓரத்தில் பெயர் இருக்கும். மரச்சாமான்களுக்குச் சற்றே சொரசொரப்பான 'கோல்ட் பிரஸ்' தாள் நன்றாக நிற்கிறது என்பது என் எண்ணம். வழவழப்பான தாளில் மரம் பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடுகிறது.

அளவு: முழுத்தாள் 22க்கு 30 அங்குலம். அரைத்தாள் 15க்கு 22. கால்தாள் 11க்கு 15. பெட்டகம், கட்டில் போன்ற பெரிய பொருளுக்கு அரைத்தாளுக்குக் கீழே போக வேண்டாம். பூட்டும் கீலும் கடுகளவுக்குச் சுருங்கிவிடும்.

வண்ணம்: இங்கேதான் நான் விழுந்தேன். எல்லா வண்ணமும் வெளிச்சத்தைத் தாங்காது. அலிசரின் கிரிம்சன் என்ற அரக்குச் சிவப்பும் பளிச்சென்ற இளஞ்சிவப்புகளும் வெளுக்கும். ஈட்டியின் சிவப்புக்கு என் முதல் ஓவியர் அந்த அரக்குச் சிவப்பைத்தான் தாராளமாகப் பயன்படுத்தியிருந்தார். சிவப்பு போனதும் மிச்சம் இருந்தது சாணி நிறம். வண்ணக் குழாயின் மேல் நிறமி எண் அச்சிட்டிருக்கும். அந்த அரக்குச் சிவப்பின் எண்ணான பிஆர் 83 (PR 83) என்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள். பிபிஆர் 7 (PBr 7) என்ற மண் பழுப்புகளும் பிபி 29 (PB 29) என்ற அல்ட்ராமரின் நீலமும் நன்றாகத் தாங்குபவை. பழைய மரத்துக்கு வேண்டிய பெரும்பாலான நிறங்களை இந்த இரண்டையும் கலந்தே எடுத்துவிடலாம் என்று இரண்டாவது ஓவியர் எனக்குச் செய்து காட்டினார். இதைக் கேட்டால் ஓவியர் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். வேலை தெரிந்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டதும் மலர்ந்துவிடுகிறார்கள்.

விலை: அரைத்தாளுக்கு நான் கொடுத்தது 12,000 ரூபாய். முன்பணம் 5,000, பென்சில் கோட்டுப்படத்தைப் பார்த்துச் சரி சொன்னதும் 3,000, முடிந்த பின் 4,000. நடுவில் உள்ள அந்த 3,000 முக்கியம். நீர்வண்ணம் பூசிய பிறகு கோட்டைத் திருத்த முடியாது. திருத்தம் எல்லாம் பென்சிலோடு முடிந்துவிட வேண்டும். நோட்டில் எழுதிய அளவுகளை எடுத்துக்கொண்டு போய், நீளத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதத்தை அங்கேயே சரிபாருங்கள்.

4. எழுத்தில் வாங்க வேண்டியவை

ஒரு பக்கக் கடிதம் போதும். அதில் பொருளின் விவரம், ஓவியத்தின் அளவு, தாள், வண்ணங்களின் பட்டியல், தொகை, தவணை, முடியும் தேதி, இரு தரப்புக் கையெழுத்து. வேலை முடிந்ததும் தேதியிட்ட ரசீது தனியாக.

பதிப்புரிமை பற்றி ஒரு வரி கட்டாயம் இருக்கட்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவின்படி, நீங்கள் பணம் கொடுத்துச் சொல்லி வரையவைத்த ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, நீங்களே முதல் பதிப்புரிமையாளர். கண்காட்சியில் ஏற்கெனவே வரைந்து வைத்திருந்ததை வாங்கினால் அப்படி இல்லை. தாள்தான் உங்களுடையது, படியெடுக்கும் உரிமை ஓவியரிடமே இருக்கும். குடும்பத்தில் நான்கு பேருக்குப் படி எடுத்துக் கொடுக்க நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு பெரியது. இன்னொன்று: பதிப்புரிமை உங்களிடம் இருந்தாலும், 57-ஆவது பிரிவு ஓவியருக்குத் தன் பெயரைக் கோரவும், தன் நற்பெயருக்குக் கேடு வரும்படி ஓவியத்தைச் சிதைப்பதைத் தடுக்கவும் உரிமை தருகிறது. ஓரத்தைக் கத்தரித்துக் கையெழுத்தை வெட்டிவிடாதீர்கள்.

பல பேர் சேர்ந்து பணம் போட்டால் ரசீது யார் பெயரில் என்பதை முன்பே பேசி முடியுங்கள். பெட்டகம் யாருக்கு என்று ஒரு முறை சண்டை போட்ட குடும்பம், படம் யாருக்கு என்று இன்னொரு முறை போட வேண்டாம். நாங்கள் அம்மா பெயரில் ரசீது வாங்கி, மற்றவர்களுக்கு நல்ல தாளில் படி எடுத்துக் கொடுத்தோம். கண்ணாடி போடும் முன்பே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். எனக்கு 650 ரூபாய் ஆனது.

வெளிநாட்டில் உறவினர் இருப்பவர்களுக்கு: சித்தி மகள் பெட்டகத்தையே மெல்போர்னுக்குக் கொண்டுபோக ஆசைப்பட்டாள். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டும் அதற்கு மேலும் ஆன கைவினைப் பொருள் தொல்பொருள். தனியார் யாரும் அதை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக முடியாது. நூறு ஆண்டு ஆகவில்லை என்றால் இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்று சான்றிதழ் வாங்க வேண்டும். புதிதாக வரைந்த ஓவியத்துக்கு இந்தத் தடை இல்லை. இருந்தாலும் வரைந்த ஆண்டு தெரியும் ரசீதையும் ஓவியத்தின் புகைப்படத்தையும் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். படத்தில் இருக்கும் பெட்டி பழையது என்பதால் படமும் பழையதோ என்று யாராவது கேட்டால் காட்ட உதவும்.

5. மார்கழியில் தொடங்குங்கள்

ஆடிக் காற்றில் இந்த வேலையைத் தொடங்க வேண்டாம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே. பூசிய வண்ணம் பரவுவதற்குள் காய்ந்து கோடு விழுந்துவிடுகிறது, போதாததற்குத் தூசு வேறு. ஐப்பசி மழையில் நேர்மாறு, காயவே காயாது. மார்கழி, தை இரண்டு மாதமும் வெளிச்சமும் ஈரமும் அளவாக இருக்கும். பென்சிலுக்கு ஒரு வாரம், வண்ணத்துக்கு மூன்று வாரம், சட்டம் (ஃபிரேம்) போடப் பத்து நாள் என்று எனக்கு ஏறக்குறைய ஆறு வாரம் ஆனது.

6. ஓவியம் கைக்கு வந்ததும் பார்க்கும் முறை

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் கால் மணி நேரம் கேளுங்கள். ஓவியத்தைக் கண்ணாடி இல்லாமல், ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி சாய்த்து வையுங்கள். ட்யூப்லைட்டில் பார்க்காதீர்கள்.

முதலில் ஆறடி தள்ளி நின்று பாருங்கள். பெட்டி தரையில் உட்கார்ந்திருக்கிறதா, மிதக்கிறதா? எடை தெரிய வேண்டும். எடையைக் காட்டுவது பெட்டியின் நிறம் அல்ல, காலுக்கு அடியில் விழும் நிழல். கால் தரையைத் தொடும் இடத்தில் நிழல் அடர்த்தியாகவும் கூர்மையாகவும் தொடங்கி, தள்ளிப் போகப் போக மங்கிக் கலங்க வேண்டும். கறுப்பை அப்பி வைத்திருந்தால் அது நிழல் அல்ல, ஓட்டை. எங்கள் ஓவியத்தில் நிழல் நீலச் சாயலில் போய், பெட்டியின் அடிப்பலகையில் மட்டும் லேசாகச் செம்மை ஏறியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். "உங்கள் மாமா வீட்டுத் தரை காவிச் சிவப்பு. அந்தச் சிவப்பு மேலே ஏறி மரத்தின் அடியில் விழுகிறது" என்றார். மாமா வீட்டுக்கு எத்தனையோ முறை போயிருக்கிறேன், அதை நான் பார்த்ததே இல்லை.

அடுத்து கடைசல் கால்களின் வளையங்களைப் பாருங்கள். நாம் பெட்டியை மேலிருந்து பார்க்கிறோம். ஆகவே கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் மேல் வளையம் தட்டையாகவும், கீழே போகப் போக வளையங்கள் சற்று உருண்டும் தெரிய வேண்டும். எல்லா வளையமும் ஒரே வளைவில் இருந்தால் கால் முறுக்கிக்கொண்டதுபோல் தோன்றும். கோடு தெரிந்த ஓவியரை அடையாளம் காண இதைவிட விரைவான சோதனையை நான் அறியேன்.

பிறகு ஒரு அடிக்கு நெருங்கி வாருங்கள். நீர்வண்ணத்தில் வெள்ளை என்பது பூசுவது அல்ல, பூசாமல் விடுவது. தாளின் வெண்மைதான் வெளிச்சம். பித்தளைப் பூட்டின் மேல் மின்னும் புள்ளியைப் பாருங்கள். தாள் தெரிகிறதா, அல்லது மேலே வெள்ளைச் சாயத்தைப் பொட்டு வைத்திருக்கிறார்களா? வெள்ளைப் பொட்டு பாவம் ஒன்றும் இல்லை, நல்ல ஓவியர்களும் வைப்பதுண்டு. ஆனால் விட்டு வைத்த தாளின் மினுமினுப்பு வேறு. அதைக் காக்க அவர் முதல் நாளிலிருந்தே அந்த எள்ளளவு இடத்தைச் சுற்றிச் சுற்றி வேலை செய்திருக்க வேண்டும்.

மர ரேகை அடுத்தது. ஒவ்வொரு ரேகையையும் பழுப்புக் கோடாக இழுத்து நிரப்பியிருந்தால் அது மரம் அல்ல, சன்மைக்கா. நல்ல ஓவியத்தில் ரேகை சில இடத்தில் தெரியும், சில இடத்தில் ஈரத்தில் கரைந்து போகும், மிச்சத்தை நம் கண் நிரப்பிக்கொள்ளும். அல்ட்ராமரின் நீலம் கலந்த இடத்தில் நிறமித் துகள் தாளின் பள்ளங்களில் தங்கிப் பொடிப்பொடியாக நிற்கும். பழைய மரத்தில் ஏறிய தூசுக்கு அது அப்படியே பொருந்துகிறது. அதைக் கறை என்று நினைத்துத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள். காய்கிற வண்ணத்தில் தண்ணீர் விழுந்து காலிஃபிளவர் மாதிரி விளிம்பு கட்டிய திட்டு வேறு. அது நடுப்பலகையில் இருந்தால் கேளுங்கள்.

எங்கள் ஓவியத்தில் நான் கடைசியாகப் பார்த்தது பூட்டுக்குக் கீழே. அம்முச்சி சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருக்கமாட்டார், பூட்டிலேயே தொங்கவிடுவார். மூடியைத் திறந்து மூடும்போதெல்லாம் அந்தக் கொத்து ஆடி ஆடி மரத்தில் பிறைபோல ஒரு தேய்மானம் விழுந்திருந்தது. இரண்டு விரல் அகலம், அவ்வளவுதான். ஓவியர் அந்த இடத்தில் பூசிய வண்ணம் காய்ந்த பிறகு ஈரத் தூரிகையால் மெல்லத் தேய்த்து, துணியால் ஒற்றி எடுத்திருந்தார். மரம் தேய்ந்த விதமாகவே வண்ணமும் தேய்ந்திருந்தது. அம்மாவிடம் காட்டியபோது, முழு ஓவியத்தையும் பார்க்கும் முன் அவர் விரல் அந்த இடத்துக்குத்தான் போனது.

7. சட்டம் போடும் கடையில் நேரில் நில்லுங்கள்

நம் ஊர்க் கடைகளில் பெரும்பாலும் சாமி படத்துக்குத்தான் சட்டம் போடுகிறார்கள். கண்ணாடியைப் படத்தின் மேலேயே வைத்து, பின்னால் ஹார்ட்போர்டு வைத்து, ஆணி அடித்து, டேப் ஒட்டிவிடுவார்கள். அச்சிட்ட படத்துக்கு அது போதும், நீர்வண்ணத்துக்குக் கூடாது. மழைக்காலத்தில் கண்ணாடியின் உட்பக்கம் ஈரம் படிந்து, வண்ணத்தையும் தாளையும் பிடித்துக்கொள்ளும், பூஞ்சை வரும். என் முதல் ஓவியத்தைக் கழற்றியபோது ஒரு மூலை கண்ணாடியோடு வந்துவிட்டது.

சொல்ல வேண்டியவை: அமிலமற்ற மவுண்ட் அட்டையில் சாளரம் வெட்டி, கண்ணாடிக்கும் ஓவியத்துக்கும் இடைவெளி விட வேண்டும். ஓவியத்தை மேல்விளிம்பில் மட்டும் இரண்டு மெல்லிய தாள் பட்டைகளால், மாவுப் பசை கொண்டு தொங்கவிட வேண்டும். நான்கு பக்கமும் ஒட்டினால் ஈரத்தில் விரிந்து வெயிலில் சுருங்கும் தாள் நெளிந்துவிடும். செலோடேப், ஃபெவிகால் இரண்டும் ஓவியத்தின் பக்கம் வரவே கூடாது. பின்னால் அமிலமற்ற அட்டை வைத்து விளிம்பு முழுவதும் மூட வேண்டும். இராமபாணப் பூச்சி நுழைய நூலிழை இடைவெளி போதும்.

"லேமினேஷன் செய்துவிடலாமே" என்று யாராவது ஒருவர் கட்டாயம் சொல்வார். சூட்டில் பிளாஸ்டிக்கை ஒட்டிய பிறகு அதைப் பிரித்தெடுக்க முடியாது. எவ்வளவு பெரியவர் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி கிடைத்தால் போடுங்கள். எனக்குச் சட்டம், அட்டை, கண்ணாடி எல்லாம் சேர்த்து 3,900 ரூபாய். ஓவியம், போக்குவரத்து, ஸ்கேன் எல்லாம் சேர்த்து ஆக மொத்தம் 17,950.

8. மாட்டும் இடம்

புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டாலும் வெளிச்சம் வெளிச்சம்தான். அருங்காட்சியகங்களில் தாளில் வரைந்த ஓவியங்களுக்கு ஏறக்குறைய 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சமே வைக்கிறார்கள். ஜன்னலோரச் சுவரில் விழுவது அதைப்போலப் பல மடங்கு. வெயில் நேராக விழாத உள்சுவரைத் தேர்ந்தெடுங்கள். குளியலறைச் சுவரின் மறுபக்கம், சமையலறை, கற்பூரப் புகை ஏறும் பூஜை அறை மூன்றும் வேண்டாம். சட்டத்தின் கீழ்மூலைகளில் இரண்டு சிறு ரப்பர் குமிழ்களை ஒட்டிவிட்டால் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே காற்று போகும். வால்பாறை, ஊட்டிப் பக்கம் இருப்பவர்கள் மழைக்காலத்தில் வாரம் ஒரு முறையாவது பின்பக்கத்தைப் பாருங்கள்.

ஆண்டுக்கு ஒரு முறை, போகிக்கு வீடு ஒழிக்கும்போது கழற்றி, பின்னட்டையின் மேல் புள்ளி ஏதும் இருக்கிறதா என்று பார்த்து, காய்ந்த துணியால் கண்ணாடியை மட்டும் துடைத்து மாட்டுங்கள். கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகப் பீய்ச்சினால் அது விளிம்பு வழியாக உள்ளே இறங்கும். ரசீது, ஒரு பக்கக் கடிதம், பெட்டகத்தின் அளவுகள் எழுதிய நோட்டு, ஸ்கேன் கோப்பு நான்கையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். எங்கள் உறை அம்மாவின் பீரோவில் நகைப் பெட்டிக்கு அடியில் இருக்கிறது.